ராத்திரி முழுக்க சார்ஜர் ஓடியும் ஃபோர்க்லிஃப்ட் மதியத்துக்குள் படுத்துவிடுகிறது: குற்றம் யார் மேல்?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடோனில் ஒரு எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட். 48 வோல்ட், 500 ஏ.ஹெச் (ஆம்பியர் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி, வயது நான்கு வருடம். 80 ஆம்பியர் த்ரீ பேஸ் சார்ஜர், பழைய டிரான்ஸ்பார்மர் வகை. சாயங்காலம் 7 மணிக்குச் சொருகினால் முன்பெல்லாம் விடியற்காலை 5 மணிக்குத் தானாக ஆஃப் ஆகிவிடும். மூன்று மாதமாகக் காலை 8 மணிக்கு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பேட்டரி கொதிக்கிறது, வண்டியோ மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தவழ ஆரம்பித்துவிடுகிறது. சார்ஜர்காரர் கன்ட்ரோல் கார்டு (சார்ஜரை ஆஃப் பண்ணும் சர்க்யூட் பலகை) போச்சு, 38,000 ரூபாய் என்கிறார். பேட்டரிக்காரர் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்.

"சார்ஜரில் என்ன கோளாறு?" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு. விற்க வந்த இந்த இரண்டு பேரையும் நம்பாமல், கோளாறு எந்தப் பக்கம் என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். டி.சி. ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, மல்டிமீட்டர், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு நோட்டு, ஒரு ராத்திரித் தூக்கம், இவ்வளவுதான் செலவு. சார்ஜர் பேனல் வயரிங் பண்ணத் தொடங்கி இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அம்பத்தூர், ஒரகடம், ஓசூர் பக்கம் நான் திறந்து பார்த்த சார்ஜர்களில் பாதிக்கு மேல் சார்ஜரில் ஒன்றுமே இல்லை. இது என் அனுபவக் கணக்கு மட்டும்தான், புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தச் சார்ஜர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் சுலபம். பேட்டரிக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. டெர்மினலில் என்ன வோல்டேஜ் என்பது ஒன்றுதான் தெரியும். டிரான்ஸ்பார்மர் வகை சார்ஜர்கள் பெரும்பாலும் டேப்பர் முறையில் ஓடுபவை. பேட்டரி வோல்டேஜ் ஏற ஏறக் கரண்ட் தானாக இறங்கும். ஜெர்மானியத் தரமான டின் (DIN) 41774 இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. செல்லுக்கு (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறை ஒவ்வொன்றுக்கும்) 2.0 வோல்ட்டில் முழுக் கரண்ட், 2.4 வோல்ட்டில் பாதி, 2.65 வோல்ட்டில் கால் பங்கு. உங்கள் பேட்டரியில் 24 செல். அப்படியென்றால் 48 வோல்ட்டில் 80 ஆம்பியர், 57.6 வோல்ட்டில் 40, 63.6 வோல்ட்டில் 20. இந்த மூன்று ஜோடி எண்களையும் சார்ஜர் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். சார்ஜரின் உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. உங்கள் தயாரிப்பாளரின் வளைவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வரும் 57.6 வோல்ட்தான் நம் வழக்கின் மையப்புள்ளி. செல்லுக்கு 2.4 வோல்ட் என்பது பேட்டரி குமிழ் விட ஆரம்பிக்கும் இடம். அந்த வோல்டேஜ் வந்ததும் கார்டில் இருக்கும் ஒரு ரிலே (கரண்ட்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்) இழுக்கும், டைமர் ஓடத் தொடங்கும், பல சார்ஜர்களில் 80% என்று எழுதிய விளக்கு எரியும். அதிலிருந்து மூன்று மணியோ நான்கு மணியோ கழித்து டைமர் சார்ஜரை ஆஃப் பண்ணும். ஆகவே சார்ஜர் ஆஃப் ஆகவில்லை என்றால் இரண்டே வழிதான். பேட்டரி 57.6 வோல்ட்டைத் தொட்டும் ரிலே இழுக்கவில்லை அல்லது டைமர் ஓடவில்லை. இல்லாவிட்டால் பேட்டரி அந்த வோல்டேஜைத் தொடவே இல்லை. முதலாவது என்றால் சார்ஜர்காரர் சொல்வது நியாயம். இரண்டாவது என்றால் நீங்கள் பத்து கார்டு மாற்றினாலும் சார்ஜர் ஆஃப் ஆகப்போவதில்லை. பாவம், அது இன்னமும் காத்துக்கொண்டிருக்கும்.

இதை நானே ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் இருக்கும். ஒரு நூல் மில்லில் இதே புகார். போனதும் கார்டை மாற்றினேன், சார்ஜர் ஓடியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. இரண்டாவது கார்டோடு போனபோது அங்கே இருந்த வயதான எலெக்ட்ரீஷியன், "தம்பி, இன்னைக்கு ராத்திரி இங்கேயே இருந்து பாருங்க, கார்டு எங்கேயும் ஓடிடாது" என்றார். விடிகாலை 3 மணிக்கு இரண்டு பேருமாகச் செல் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். 22 செல் உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டு செல் மட்டும் காற்றில்லாத நாள் குளம் மாதிரி அசையாமல் கிடந்தன. மீட்டர் வைத்தால் கொதிக்கிற செல்களில் 2.40, 2.41. அந்த இரண்டில் 1.9 சொச்சம். உள்ளே பிளேட்டுகளுக்கு நடுவே ஷார்ட். கார்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ராத்திரியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 22 செல் தலைக்கு 2.4, இரண்டு செல் தலைக்கு 1.9 என்றால் மொத்தம் 56.6 வோல்ட். ரிலேக்கு ஒரு வோல்ட் குறைகிறது. மற்ற செல்கள் இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்த ஒரு வோல்ட்டை ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். சாதாரண நாளில் ஈடுகட்டவும் செய்யும். இங்கேதான் சூடு நடுவில் வருகிறது. ஆசிட் சூடாகச் சூடாக அதே கரண்ட்டுக்கு அதே செல் காட்டும் வோல்டேஜ் குறையும். ஒரு டிகிரிக்குச் செல்லுக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 20 டிகிரி சூடு ஏறினால் 80 மில்லிவோல்ட், 24 செல்லுக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட். ஷார்ட்டான செல் ஒரு வோல்ட் பிடுங்கிக்கொள்ள, சூடு இரண்டு வோல்ட் பிடுங்கிக்கொள்ள, ரிலே இழுக்கவே இழுக்காது. வோல்டேஜ் ஏறாததால் டேப்பர் சார்ஜர் கரண்ட்டையும் குறைக்காது. குறையாத கரண்ட் இன்னும் சூடேற்றும். உங்கள் பேட்டரி காலையில் கொதிப்பதற்கு இது மிகப் பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் அளந்த எண் ஒன்று கூட எழுதாததால் அதற்கு மேல் இங்கிருந்து போக முடியாது.

இனி அந்த ஒரு ராத்திரி வேலை. வண்டி நன்றாக ஓடிக் களைத்த ஒரு நாளில் சார்ஜரைச் சொருகுங்கள். முதல் பத்து நிமிடத்தில் டி.சி. கரண்ட்டும் பேட்டரி டெர்மினல் வோல்டேஜும். பிறகு மணிக்கு ஒரு தடவை இரண்டும். வோல்டேஜை சார்ஜர் முகப்பு மீட்டரில் பார்க்காதீர்கள். அந்த ஊசி மீட்டர்கள் நான்கு வோல்ட் பொய் சொல்லி நான் பார்த்திருக்கிறேன். ஆசிட் சூட்டையும் ஒரு செல்லில் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுதுங்கள். 50 டிகிரி தாண்டினால் சார்ஜை நிறுத்திவிடுங்கள், சோதனை இன்னொரு நாள். எட்டாவது மணி நேரம், சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 24 செல்லின் வோல்டேஜையும் வரிசையாக எழுத வேண்டும். முதல் செல் எது என்று சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நோட்டு பின்னால் ஒன்றுக்கும் உதவாது. காலையில் சார்ஜரை நிறுத்தி, ஒரு மணி நேரம் பேட்டரியை ஆறவிட்டு, 24 செல்லுக்கும் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி, அதாவது ஆசிட் அடர்த்தி.

மோதிரம், வாட்ச், கையில் காப்பு எதுவும் கூடாது. கண்ணாடி அவசியம். செல் மூடி திறந்திருக்கும்போது சார்ஜர் கனெக்டரை ஒருக்காலும் பிடுங்காதீர்கள். முதலில் சார்ஜரில் ஸ்டாப், அப்புறம்தான் பிளக். கரண்ட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் வரும் பொறிக்குப் பக்கத்திலேயே ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. உங்கள் சார்ஜிங் அறை எவ்வளவு பெரிது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன். நிறைந்துபோன பேட்டரிக்கு மேலும் கொடுக்கும் ஒவ்வொரு ஏ.ஹெச்சும் செல்லுக்குச் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் ஆகும். காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை 35 ஆம்பியர் தேவையில்லாமல் ஓடினால் 105 ஏ.ஹெச், 24 செல்லுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். பத்துக்குப் பத்து, ஒன்பது அடி உயர அறையின் மொத்தக் காற்றையும் 4 சதவீதத்துக்குக் கொண்டுபோக அது போதும். மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு சார்ஜ் போடும் குடோன்களை நிறையப் பார்க்கிறேன். வாயு மேலே ஏறிக் கூரைக்கடியில் தங்கும். எக்ஸாஸ்ட் அங்கேதான் இருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் வைத்துப் பயனில்லை.

நோட்டு நிறைந்த பிறகு படிப்பது சுலபம். ஆரம்பத்தில் பேட்டரி 49, 50 வோல்ட்டில் இருக்கும்போது கரண்ட் 70 ஆம்பியருக்கு மேல் வந்தால் சார்ஜரின் பவர் பகுதி நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்பார்மர், டயோடு, பியூஸ் எதையும் தொட வேண்டாம். வோல்டேஜ் 57.6ஐத் தாண்டி 59, 60 என்று போயும் 80% விளக்கு எரியவில்லை என்றால் கார்டுதான், அல்லது கார்டுக்குப் பேட்டரி வோல்டேஜைக் கொண்டுபோகும் மெல்லிய சென்ஸ் வயர், அதன் சின்ன பியூஸ். 38,000 கொடுப்பதற்கு முன் அந்தக் கண்ணாடி பியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். விளக்கு எரிந்தும் ஆஃப் ஆகவில்லை என்றால் டைமர், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்ட கான்டாக்டர் (மெயின்ஸை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்). வோல்டேஜ் 56, 57இலேயே நொண்டி, கரண்ட்டும் 40க்குக் கீழே இறங்காமல், ஆசிட் சூடாகிக்கொண்டே போனால், நான் மேலே சொன்ன ஷார்ட் செல் கதை. எட்டாவது மணி நேர வரிசையில் அந்த செல்கள் தானாகவே கண்ணில் படும். மற்றவற்றைவிட 0.2 வோல்ட் தாழ்ந்து நிற்கும் செல்லைச் சந்தேகப்படுங்கள். காலை கிராவிட்டியிலும் அதே செல் தாழ்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. நிறைந்த டிராக்‌ஷன் (வண்டி ஓட்டும் வகை) செல்லுக்கு 27 டிகிரியில் 1.280 பக்கம் இருக்க வேண்டும். சூடான ஆசிட் குறைத்துக் காட்டும். டிகிரிக்கு 0.0007 கூட்டிக்கொள்ளுங்கள்.

கார்டு மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு, ஆனால் இதை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். மெயின்ஸையும் பேட்டரியையும் இரண்டையுமே கழற்றிவிட்டு, சென்ஸ் டெர்மினலுக்குப் பெஞ்ச் பவர் சப்ளையிலிருந்து வோல்டேஜ் கொடுப்பது. 30 வோல்ட் சப்ளை இரண்டைத் தொடராக இணைத்தால் 60 கிடைக்கும். தனி கன்ட்ரோல் சப்ளை வேண்டும் கார்டு என்றால் அதையும் கொடுக்க வேண்டும். 55இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேளுங்கள். 57.6 பக்கத்தில் ரிலே 'டிக்' என்று இழுத்தால் கார்டு நிரபராதி. ஐந்து நிமிட வேலை. உங்கள் சார்ஜர்காரர் இதைச் செய்து காட்ட மறுத்தால் அவர் கார்டைச் சோதிக்காமலேயே விலை சொல்கிறார் என்று அர்த்தம்.

ஆரம்பக் கரண்ட்டே குறைவாக இருந்தால் மட்டும் சார்ஜரைத் திறக்க வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே அல்ல, வெளியே. மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் போடுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பேஸில் ஒன்றுமில்லை என்றால் பியூஸோ, கான்டாக்டரில் கருகிப்போன ஒரு முனையோ. த்ரீ பேஸ் பிரிட்ஜ், அதாவது ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு அமைப்பு, ஒரு பேஸை இழந்தால் சிங்கிள் பேஸ் பிரிட்ஜாகத் தொடர்ந்து ஓடும். 300 ஹெர்ட்ஸ் அலை 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பழகிய காதுக்கு டிரான்ஸ்பார்மர் முனகலிலேயே தெரியும், கனத்த குரலாக இருக்கும். இப்படி ஓடும் சார்ஜர் பாதிக் கரண்ட்டில் ராத்திரி முழுக்க இழுத்தடித்து 57.6ஐத் தொடாமலே விடிந்துவிடும். உங்கள் புகாரின் பாதிக்கு இது கூடப் பொருந்துகிறது. ஆனால் அப்படியானால் பேட்டரி அவ்வளவு சூடாகக் காரணமில்லை. அதனால்தான் நான் செல் பக்கம் சாய்கிறேன்.

பேஸ் கரண்ட் வருகிறது, ஆனால் சமமாக இல்லை என்றால் டயோடு. ஆறு டயோடில் ஒன்று ஓபன் ஆனால் பியூஸ் போகாது, விளக்கு மாறாது, சத்தமில்லாமல் வேலையைக் கெடுக்கும். ஷார்ட்டானால் பரவாயில்லை, பியூஸை எரித்துத் தானே அறிவித்துவிடும். மல்டிமீட்டர் டயோடு சோதனையில் ஒரு பக்கம் 0.4 முதல் 0.6 வோல்ட், திருப்பினால் ஒன்றுமில்லை என்று வர வேண்டும். ஒரு முனையைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், சர்க்யூட்டில் வைத்துப் பார்த்தால் பக்கத்து டயோடு வழியாகப் பொய் சொல்லும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. மெயின்ஸை ஆஃப் பண்ணிவிட்டாலும் பேட்டரி சொருகியிருந்தால் அவுட்புட் பக்கம் உயிரோடுதான் இருக்கும். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக ஸ்பேனரைக் குறுக்கே விழவிட்டால், ஸ்பேனர் உருகி முகத்தில் தெறிக்கும். பியூஸ் போனால் அதே வகை டி.சி. பியூஸ்தான் போட வேண்டும். ஏ.சி.க்கு மட்டும் செய்த பியூஸால் டி.சி. ஆர்க்கை அணைக்க முடியாது. செம்புக் கம்பி சுற்றிய சார்ஜரைப் பார்த்தால் நான் பையை மூடிக்கொண்டு, முதலில் பியூஸ் வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்றும் உண்டு. உங்களுக்கு இல்லை, ஆனால் இதே பதிலைத் தேடி வருபவர்களுக்குப் பயன்படும். சார்ஜர் சீக்கிரமே நிறைந்தது என்று ஆஃப் ஆகிவிடும், வண்டியோ ஓடாது. பெரும்பாலும் கனெக்டர்தான். உள்ளே இருக்கும் செம்பு முனை தேய்ந்து அல்லது லக்கு (கேபிள் முனையில் இருக்கும் உலோகப் பிடி) தளர்ந்து 10 மில்லிஓம் தடை வந்துவிட்டால், 80 ஆம்பியரில் 0.8 வோல்ட் அங்கேயே விழும். சார்ஜர் அந்த 0.8ஐயும் பேட்டரி வோல்டேஜ் என்று நம்பிக் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் 64 வாட் சூடு எரியும். சார்ஜ் தொடங்கி அரை மணியில் கனெக்டரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை உங்கள் ஆட்களுக்குக் கொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் முனைகளை மாற்ற வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய் இன்னும் மோசமாகும்.

பராமரிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய பட்டியல் ஒன்றும் வேண்டாம், மூன்று விஷயத்தில் கவனமாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. முதலாவது மெயின்ஸ் வோல்டேஜ். டேப்பர் சார்ஜருக்கு இது பெரிய எதிரி. பக்கத்துத் தொழிற்சாலைகள் மூடிய ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் 415 வோல்ட் 440ஐத் தாண்டும் இடங்கள் நம் ஊரில் நிறைய. மெயின்ஸ் 5 சதவீதம் ஏறினால் கரண்ட்டும் 5 சதவீதம்தானே ஏறும் என்று நினைக்காதீர்கள். சார்ஜர் வோல்டேஜுக்கும் பேட்டரி வோல்டேஜுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் கரண்ட்டைத் தள்ளுகிறது. அதனால் கடைசிக் கட்டத்தில் 20 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 பக்கம் பார்த்திருக்கிறேன். சார்ஜருக்குள் டிரான்ஸ்பார்மர் பிரைமரியில் 380, 400, 415, 440 என்று டேப்பிங் (மெயின்ஸ் வோல்டேஜுக்கு ஏற்ப வயரை மாற்றிப் போடும் முனைகள்) இருக்கும். யாரோ எப்போதோ மதியம் 2 மணிக்கு அளந்து 400இல் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சார்ஜர் வேலை செய்வதோ ராத்திரியில். ராத்திரி 1 மணிக்கு அளந்து அதற்கேற்ற டேப்பில் போடுங்கள்.

இரண்டாவது தண்ணீர். ஒவ்வொரு ஏ.ஹெச் ஓவர்சார்ஜும் செல்லுக்கு 0.336 கிராம் தண்ணீரைப் பிரித்துவிடும். அந்த 105 ஏ.ஹெச் கணக்கை இங்கேயும் போட்டால் ஒரே ராத்திரியில் பேட்டரி முழுக்க 850 மில்லி ஆவியாகப் போகிறது. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று எழுதி வைத்தாலே சார்ஜரின் ஆரோக்கியம் தெரிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரோ டி.எம். வாட்டரோ (உப்பு நீக்கிய தண்ணீர்) தான், ஆர்.ஓ. தண்ணீர் அதற்குச் சமமில்லை, ஆசிட் ஊற்றவே கூடாது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் சார்ஜில் ஆசிட் உப்பி வழியும். வழிந்த ஆசிட் தட்டில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து கரண்ட் கடத்தும் பிசினாகிவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில், மறுமுனையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். நிலையாகப் பத்து, இருபது வோல்ட் காட்டினால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் மேல்பக்கத்தைத் துடைக்கும் வேளை வந்துவிட்டது. அப்போது செல் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

மூன்றாவது இடையிடையே சொருகுவது. டீ நேரத்தில் பத்து நிமிடம், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி என்று டிரைவர்கள் நல்லெண்ணத்தில் சார்ஜ் போடுவார்கள். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கும். நிறைந்த பேட்டரியைச் சொருகினாலும் உடனே 57.6ஐத் தொட்டு முழு டைமரையும் ஓட்டிவிடும். நாளுக்கு ஒரு டிஸ்சார்ஜ், ஒரு முழு சார்ஜ் என்பதே இந்த வகைக்குச் சரி. சார்ஜருக்குள் இருக்கும் பஞ்சுத் தூசியை மாதம் ஒரு தடவை ஊதுங்கள், கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டு. சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்தால் இடம் மாற்றுங்கள். ஆசிட் ஆவி கார்டின் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். டெர்மினல் நட்டுகளை வருடம் இரண்டு தடவை இறுக்கினால் போதும். சுருக்கமாகச் சொல்கிறேன் என்பதற்காக இதைச் சின்ன வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

நான் இதுவரை சொன்னது லெட் ஆசிட்டுக்கும் டிரான்ஸ்பார்மர் சார்ஜருக்கும். புது எஸ்.எம்.பி.எஸ். (எலெக்ட்ரானிக் வகை) சார்ஜர்களில் மெயின்ஸ் ஏற்ற இறக்கம் இவ்வளவு பாதிக்காது, அங்கே ஃபேனும் கெப்பாசிட்டரும்தான் தலைவலி. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, இந்தச் சார்ஜரை அதில் சொருகவும் கூடாது.

இனி பேட்டரிக்காரர் சொன்னது. அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு 300 நாள் ஓடினால் நான்கு வருடத்தில் 1,200 சுழற்சி. நன்றாகப் பார்த்துக்கொண்ட டிராக்‌ஷன் பேட்டரி 1,200 முதல் 1,500 வரை போகும். ஆக உங்களுடையது எல்லையில் நிற்கிறது, மூன்று மாதக் கொதிப்பு வேறு. ஆனால் வயதைச் சொல்லி முடிவு கட்டக் கூடாது. லோடு பேங்க் (பேட்டரியிலிருந்து அளவான கரண்ட்டை இழுக்கும் கருவி) கொண்டுவந்து டிஸ்சார்ஜ் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். 500 ஏ.ஹெச் ஐந்து மணி நேரக் கணக்கு என்றால் 100 ஆம்பியர் இழுத்து, 40.8 வோல்ட்டுக்கு, அதாவது செல்லுக்கு 1.70க்கு, வரும்வரை மணி பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் கீழே என்றால் திறன் 80 சதவீதத்துக்குக் கீழே, அவர் சொல்வது சரி. ஒன்றிரண்டு செல் மட்டும் முன்கூட்டியே விழுந்து மற்றவை தாக்குப்பிடித்தால் அந்த செல்களை மட்டும் மாற்றி ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓட்டலாம். அதற்கும் மேல் எதிர்பார்க்காதீர்கள். பழைய செல்களுக்கு நடுவே புது செல் வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கும். மூன்று செல்லுக்கு மேல் போயிருந்தால் நானாக இருந்தால் செல் மாற்றுவதில் காசு போட மாட்டேன்.

புது பேட்டரி வாங்கினாலும் அந்த ராத்திரிச் சோதனையையும் டேப்பிங்கையும் முடித்துவிட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கொதிக்கவைத்தது சார்ஜராக இருந்தால் புதுசையும் அதுவே கொதிக்கவைக்கும். கார்டு விஷயத்தில் சார்ஜர்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: கார்டைப் போட்டு ஒரு ராத்திரி ஓட்டலாம், 57.6 வோல்ட்டில் விளக்கு எரிந்து, நேரத்தோடு ஆஃப் ஆனால் பணம், இல்லாவிட்டால் கார்டு திரும்ப அவர் பைக்குள். நோட்டில் எழுதிய எண்களை, முக்கியமாக எட்டாவது மணி நேரத்து 24 செல் வரிசையை, இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.